கடைசிக்குத் தள்ளிய தெரு

அவள் மாநகராட்சிப் பொறியாளர். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் இன்னும் பத்துக் கோடை போய்விடும் என்று ஆணையரிடம் மல்லுக்கட்டி, தகரக் கூரைகளுக்குச் சூடு இறங்காத வெள்ளைப் பூச்சு அடிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியிருந்தாள். வெப்பமானியோடு வீடு வீடாக ஏறி இறங்கி, அதிகம் கொதிக்கும் தெருவுக்கு முதலிடம் என்று பட்டியல் போட்டாள்.

மூன்றாவதாக வந்தது அவள் அண்ணன் குடியிருந்த தெரு. அண்ணன் தையற்காரர், பகல் முழுக்கத் தகரத்தடியில்தான் பிழைப்பு. 'சொந்தக்காரங்களுக்கு மொதல்ல பூச்சு அடிச்சுக் குடுத்துட்டா' என்று ஒரு வாய் சொன்னால் போதும், திட்டமே குடைசாய்ந்துவிடும் என்று பயந்தாள். யாரையும் கேட்காமல் அந்தத் தெருவைக் கடைசிக்குத் தள்ளினாள்.

"ஊர்க் கூரைக்கெல்லாம் பவுடர் பூசுற. அண்ணன் வீடு மட்டும் கருப்பாவே கெடக்கட்டுமா?" என்று அண்ணன் கேலி செய்தார்.

"இன்னும் மூணு வாரம்தாண்ணே. ஈரத்துணியப் போட்டுக்கிட்டுத் தைங்க."

"தையக்காரன் வீட்டுல துணிக்கா பஞ்சம்?"

இரண்டாவது வாரம் அனல் காற்று வீசியது. ஒரு மத்தியானம் அண்ணி தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது, அண்ணன் தையல் மிஷின்மேல் கவிழ்ந்து கிடந்தார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, பட்டியலில் தான் செய்ததை அண்ணியிடம் சொன்னாள். அண்ணி மிஷின்மேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம எடத்துக்கு எந்தத் தெரு வந்துச்சு?"

"சந்தைக்குப் பின்னாடித் தெரு, அண்ணி."

"அங்க யாராச்சும் செத்தாங்களா?"

"இல்ல."

"ம்."

அண்ணி எழுந்து உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் அவள், நடந்ததை எழுதி ஆணையரிடம் நீட்டினாள். இனி வெப்ப அளவு சொல்லும் வரிசையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்திருந்தாள்.

"எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"அதனாலதான் சார் எழுதினேன்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தெருவுக்கும் பூச்சு வந்தது. வீட்டுக்குள் ஆறு டிகிரி குறைந்தது. பக்கத்து நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மிச்சக் கோடையில் அந்த வட்டாரத்தில் வெயிலுக்கு ஓர் உயிரும் போகவில்லை.

வாரம் ஒருமுறை அவள் அளவெடுக்கப் போவாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். 'வா' என்று மட்டும் சொல்வதில்லை.