பாறை சரிந்த வெள்ளிக்கிழமை

லெ த்ரெபோரிலிருந்து ஃபெக்காம்புக்கு உள்பக்கமாக நல்ல சாலை இருக்கிறது. அதில் போயிருந்தால் காலையிலேயே போய்ச் சேர்ந்து காபியும் குடித்திருப்போம். அண்ணிதான் கேட்கவில்லை.

"கடலோரமாவே போ, கீஸ்லேன். உங்கண்ணன் என்னைக்காவது அந்தப் பெரிய ரோட்டுல போயிருக்காரா?"

அண்ணன் ஃபிர்மான் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வேன் அவருடையது. உள்ளே படுக்கையும் அடுப்பும் அவரே வைத்துக் கட்டிய பழைய வண்டி. அண்ணி எடித்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால்தான் நான். மறுநாள் சனிக்கிழமை, அவளுடைய ஒரே மகள் சோலீனுக்கு ஃபெக்காம்பில் கல்யாணம். கல்யாணக் கவுன் பின்னால் ஒரு கொக்கியில் உறை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் அது ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் எனக்குத் திட்டு விழும்.

"வண்டி ஓட்டறியா, ஆட்டுமந்தை ஓட்டறியா?"

"ரோடு அப்படி வளைஞ்சு கிடக்கு அண்ணி. நானா வளைச்சேன்?"

"பிரேக்கை மெதுவா மிதிக்கணும். அவர் மிதிச்சா தெரியவே தெரியாது."

"அவர் மிதிச்சாத்தானே தெரியறதுக்கு?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தியெப் நகரத்தைத் தாண்டிய பிறகு மழை முழுவதுமாக விட்டிருந்தது. அந்த வருடம் மார்ச்சில் பிடித்த மழை ஜூன் வரை நிற்கவில்லை. ஆளி வயல்கள் நீலமாகப் பூத்திருந்தன. ஊருக்கு ஊர் சக்கிமுக்கிக் கல் சுவர்கள், புறாக் கோபுரங்கள், வாசலில் பீரங்கிக் குண்டின் காலி உறையை நட்டுவைத்துப் பூந்தொட்டி ஆக்கிய வீடுகள். நாங்கள் இரண்டு பேரும் சோலீனுக்காகவாவது சண்டை போடக்கூடாது என்று அவரவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தோம் போலிருக்கிறது. சேன் வலரி ஊர் தாண்டுகிற வரைக்கும் அது தாக்குப்பிடித்தது.

சாப்பாட்டுக்கு அண்ணன் எப்போதும் நிறுத்துகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்றாள் அண்ணி. சேன்-ஓபேர் கிராமத்தைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்துக்குள் போகிற மண்பாதை. அது முடிகிற இடத்தில் பாறை விளிம்பு; விளிம்பில் போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் கட்டிவிட்டுப் போன கான்கிரீட் பங்கர் ஒன்று கடல் பக்கம் சற்றே தலை கவிழ்ந்து நின்றது. கீழே விழுகிற மனிதனின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையும் இருந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கமே நிறுத்திக்கலாம் அண்ணி."

"காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பங்கரை ஒட்டி விடு. குண்டு போட்டப்பவே அசையாதது, நாம ரொட்டி தின்னு முடிக்கறதுக்குள்ளயா விழப்போகுது?"

ஒட்டியே விட்டேன். காற்று இல்லாமல் உண்மையாகவே சுகமாக இருந்தது. வேன் கதவைத் திறந்துவைத்து, குளிர்ந்த கோழியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்தோம். அண்ணி ஆப்பிள் சைடர் பாட்டிலைத் திறந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, தேவாலயத்துக்குள் நுழையும்போது சோலீனுக்கு எந்தப் பக்கம் நான் நடக்க வேண்டும் என்று கேட்டேன்.

அண்ணி கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை.

"நீ எதுக்கு நடக்கணும்?"

"அவ சொல்லலையா? அப்பா இடத்துல நீங்க கூட்டிட்டு வாங்க அத்தைன்னு கேட்டாளே. போன மாசமே கேட்டுட்டா. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவளுக்குத் தெரியாது. பெற்ற மகள் அவளிடம் சொல்லவில்லை.

"நான் ஒருத்தி உயிரோடதானே இருக்கேன்?"

"அண்ணி, அவ உங்களை வேண்டாம்னு—"

"நீ பேசாதே. பெத்திருந்தா தெரியும் உனக்கு. மத்தவ பிள்ளையை நடுவுல வந்து பிடுங்கிக்கறது ஈஸிதான்."

முப்பது வருடப் பழக்கத்தில் அவள் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொன்னதில்லை. நான் மூன்று முறை கருக்கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எழுந்தேன்.

"நான் கீழே கடற்கரைக்குப் போறேன். நீங்க சாப்பிடுங்க."

மேட்டிலிருந்து ஒரு பள்ளம் கடலை நோக்கி இறங்குகிறது. அதன் முடிவில் இரும்புப் படிக்கட்டு. படிக்கட்டின் குறுக்கே சங்கிலி கட்டி, 'வழி மூடப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. தாண்டிப் போக எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வேனுக்குப் போகவும் மனமில்லை. எதிர்ப்பக்கத்துச் சரிவில் ஏறினால் கடலோடிகளின் சின்ன மாதாகோவில் ஒன்று உண்டு. அதன் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து வேன் தெரியாது, வயலும் மாடுகளும்தான் தெரியும். அழக்கூட வரவில்லை. அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் மாடுகள்தான் ஓடின. எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கி, வயலின் உட்பக்கம் ஓடின. அப்புறம் உட்கார்ந்திருந்த தரை வழியாக ஏதோ ஒன்று என் முதுகெலும்பில் ஏறியது. அதற்குப் பிறகுதான் சத்தம். இடி என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரிய லாரி நிறையக் கல்லைக் கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியவே முடியாத மாதிரி.

மாதாகோவிலைச் சுற்றி ஓடிவந்து பார்த்தேன். எதிர் மேட்டில் பங்கர் இல்லை. வேன் இல்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை. மேட்டின் விளிம்பைக் கடித்துத் துப்பிய மாதிரி ஒரு வளைவு. அதன் மேல் வெள்ளைத் தூசி மேகம்போல எழும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி!"

பள்ளத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. சக்கரத் தடம் புல்லில் அப்படியே இருந்தது. இரண்டு கோடுகள் நேராகப் போய், பாதியில், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றன. பக்கத்தில் போகப் பயந்து குப்புறப் படுத்துக்கொண்டேன். சட்டைப்பையில் கைபேசி இருந்தது. தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அண்ணியின் எண்ணை அழுத்தினேன்.

மணி அடிக்கவே இல்லை. நேராக அவள் குரல்தான் வந்தது. "எடித் பேசறேன். இப்போ எடுக்க முடியலை. சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, சுருக்கமாச் சொல்லுங்க."

எப்போதோ பதிவு செய்த குரல் என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. "அண்ணி, எங்க இருக்கீங்க? அண்ணி, கதவு திறந்துதானே இருந்தது, இறங்கிட்டீங்கதானே?" என்று கைபேசியில் கத்திக்கொண்டே இருந்தேன். அது ஒரு சத்தம் போட்டுத் துண்டித்துக்கொண்டது.

பிறகு தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேனோ, போனை எடுத்த பெண் பொறுமையாக ஊர்ப் பெயரை மட்டும் மறுபடி மறுபடி கேட்டாள். "விளிம்புல நிக்காதீங்கம்மா, பின்னாடி வாங்க" என்றாள். நான் பின்னால் வரவில்லை. படுத்தபடியே தவழ்ந்து தலையை நீட்டினேன்.

தூசி கடல் பக்கமாக நகர்ந்திருந்தது. கீழே கடல் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே பாறைக் குவியல், குவியலில் தலைகீழாகப் பங்கர். வேன் எங்கும் தென்படவில்லை. குவியலின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. நாய் என்று நினைத்தேன். நாய் இல்லை. மண்டியிட்ட ஒரு மனித உருவம், தலைமுதல் கால்வரை வெள்ளை, இரண்டு கையாலும் கற்களைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தது.

அண்ணி.

என் பின்னாலேயே வந்திருக்கிறாள். கடற்கரைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதை நம்பி, அறுபத்து மூன்று வயதில் சங்கிலியைத் தாண்டி அந்தப் படிக்கட்டில் இறங்கியிருக்கிறாள். படிக்கட்டுக்கு இடப்பக்கம் தேடிப் போனவளுக்கு முதுகுக்குப் பின்னால், வலப்பக்கம், மலை இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் நான் இல்லை. அப்படியானால் நான் அந்தக் குவியலுக்கு அடியில்தான்.

அவள் என்னைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! நான் இங்க! மேல பாருங்க!"

காற்று என் வாயிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் தலை நிமிரவில்லை. அவளுக்கு நேர் மேலே, அறுந்த பாறையில், மாதாகோவில் உயரத்துக்கு ஒரு துண்டு பாதி பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விரிசலிலிருந்து சிறு கற்கள் உதிர்ந்தபடி இருந்தன. அவள் தோள்மேலும் விழுந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை. நீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

நான் தைரியசாலி இல்லை. பள்ளத்துக்கு ஓடினேன், சங்கிலியைத் தாண்டினேன், படிகளில் பாதியை உட்கார்ந்து வழுக்கியே இறங்கினேன். கூழாங்கற்களில் ஓட முடியாது, கால் புதையும். "அண்ணி! அண்ணி!" என்று மூச்சு வாங்கியதில் எழும்பாத குரலில் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் போனபோது அவள் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அழுகையாக இல்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுவாளே, அதே எரிச்சலான குரல். "கீஸ்லேன். கீஸ்லேன். வாடி வெளியே. கீஸ்லேன்."

தோளைத் தொட்டேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. அவள் கையிலிருந்த ரத்தம் என் முகத்தில் ஒட்டியது.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"மேல அண்ணி, மேல தொங்குது, வாங்க—"

"கீழே போறேன்னுதானே சொன்னே? கீழேன்னு சொன்னியே!"

"சொன்னேன். வாங்க அண்ணி."

அவள் வரவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். படிக்கட்டின் முதல் படியில் நாங்கள் கால் வைத்தபோது அந்தத் தொங்கிய துண்டும் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தூசி முதுகில் மோதி எங்களைத் தாண்டிப் போனது. கண்ணை மூடி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் காதில் ஒருவர் இருமிக்கொண்டு நின்றோம்.

மேலே தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கூடவே நிலத்துக்காரர் பெல்லாஞ்சேயும் டிராக்டரில் வந்திருந்தார். ஓர் இளைய வீரர் எங்களைப் போர்வையால் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"வண்டிக்குள்ளயோ கல்லுக்கு அடியிலயோ யாராவது இருந்தாங்களா?"

"இவ இருந்தா" என்று என்னைக் காட்டினாள் அண்ணி.

"இல்லை, இவங்கதான் இருந்தாங்க" என்றேன் நான்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இப்போ உள்ள யாரும் இல்லையே?" என்றார். நாங்கள் இருவரும் உள்ளே இல்லை என்பதை எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அண்ணியின் நகங்களில் நான்கு போய்விட்டன. ஆம்புலன்ஸிலேயே கழுவி, இரண்டு கைக்கும் கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், மகள் காத்துக்கொண்டிருப்பாள் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் பெல்லாஞ்சேதான் தன் காரில் ஃபெக்காம்புக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். போன வருடமே அதே விளிம்பிலிருந்து ஒரு கன்று விழுந்து போயிற்றாம். அண்ணி கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்திருந்தாள். அவளாக வைத்தாளா, வண்டி ஆட்டத்தில் வந்து விழுந்ததா, தெரியாது. நான் எடுக்கவில்லை.

கதவைத் திறந்த சோலீன் அலறிவிட்டாள். நாங்கள் அப்போதும் சுண்ணாம்புச் சிலை மாதிரிதான் இருந்தோம்; என் கன்னத்தில் அவள் அம்மாவின் ஐந்து விரலும் சிவப்பாக இருந்தன.

"அம்மா! அத்தை! என்ன ஆச்சு? வேன் எங்க?"

"கடல்ல" என்றாள் அண்ணி.

"கடல்லன்னா?"

"கடல்லன்னா கடல்லதான். உன் கவுனும் கடல்ல. உட்காரு, சொல்றேன்."

உட்கார்ந்தது அண்ணிதான். உட்கார்ந்தவள் நடுங்க ஆரம்பித்தாள். பல் அடித்துக்கொள்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. சோலீன் நர்ஸ். கேள்வியை நிறுத்திவிட்டு அம்மாவைக் குளியல் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். கதவுக்குப் பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "அவளை நான் ஒரு சொல் சொல்லிட்டேன், சோலீன். அதுக்கப்புறம்தான் மலை விழுந்தது." அவ்வளவுதான். என்ன சொல் என்று மகள் கேட்டதற்கு அவள் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி அவள் பேசியதில்லை, இன்றுவரை.

மறுநாள் சோலீன் தோழியிடம் வாங்கிய பச்சை நிற உடையில் கல்யாணம் செய்துகொண்டாள். கொஞ்சம் இறுக்கம், பின்னால் ஊசி குத்தித்தான் நிறுத்தினோம். தேவாலய வாசலில் அண்ணி என்னைப் பார்த்து, "நீ வலப்பக்கம் போ. நான் இடப்பக்கம் வர்றேன். முன்னாடி முன்னாடி ஓடாதே" என்றாள்.

நடந்தோம். பாதி தூரம் போனபோது ஆர்கன் வாத்தியத்தின் அடிக்குரல் எழுந்து கல்தரை லேசாக அதிர்ந்தது. நானும் அண்ணியும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டோம். அவள் மேற்கூரையைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். நடுவில் நின்ற கல்யாணப் பெண் எங்கள் கைகளை இறுக்கிப் பிடித்து, "ஒண்ணுமில்லை, பாட்டுதான், பாட்டுதான்" என்று உதடு அசையாமல் சொன்னாள். இரண்டு பக்கமும் மக்கள் எங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாட்டு தணிகிற வரைக்கும் எங்களால் அடுத்த அடி வைக்க முடியவில்லை.