ஆடு தின்ற சரம்

சம்பங்கிக்கு அடுத்து இன்னொரு சம்பங்கி, பிறகு கோழிக்கொண்டை, உடனே மூன்று செவ்வந்தி. இப்படித் தாறுமாறாகக் கட்டினால் திருமயம் முழுக்கத் தன் பேர் கெட்டுவிடும் என்று பூக்கட்டும் வெள்ளைச்சாமி முதல்நாளே முணுமுணுத்தார்.

ரோஷன் பேகம் டீச்சர் விடவில்லை. உயிரணுவுக்குள் முறுக்கிய ஏணி மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் நான்கே பொருள்கள், அவற்றின் வரிசைதான் ஓர் உயிரை இன்னொன்றிலிருந்து வேறாக்குகிறது என்று விளக்கினார். அந்த ஏணியைத்தான் 1963ஆம் வருடப் பள்ளிக் கண்காட்சிக்குப் பூவில் கேட்டார். வரிசையைத் தாளில் எழுதி அனுப்பியவர் திருச்சிக் கல்லூரிப் பேராசிரியர்; பார்வையிட வருபவரும் அவரே. அவர் சரி என்றால் பெண்களுக்கு அறிவியல் பிரிவு கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகவும், இல்லையென்றால் காலி அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாகவும் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் ஏணியின் இரு பக்கத்துக்குமான இரண்டு சரமும் இரண்டு கூடையில் வந்தன. ஏணிப்படிக்கு மூங்கில் குச்சிகளை எடுக்க டீச்சரும் வெள்ளைச்சாமியும் உள்ளே போயிருந்தபோது, ஆயா மருதாயியின் ஆடு ஒரு சரத்தைத் தின்றுவிட்டது. கூடையில் கிடந்த தாளையும் விடவில்லை.

பேராசிரியரின் பஸ் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வரிசையே போச்சுண்ணே. இனி தையல் மிஷின்தான்."

வெள்ளைச்சாமி மிஞ்சிய சரத்தைத் தூக்கிப் பிடித்தார். "செவ்வந்திக்கு எதுத்தாப்புல கோழிக்கொண்டை, சம்பங்கிக்கு எதுத்தாப்புல மருக்கொழுந்து, மாத்தவே கூடாதுன்னு நேத்து என் உசுர வாங்குனது யாரு டீச்சர்?"

"நாந்தான்."

"அப்பறமென்ன? இதப் பாத்து அதக் கட்டிற மாட்டேனா? கோயில் மாலைக்கு வச்ச பூ இருக்கு. சாமி செத்த நேரம் பொறுத்துக்கிரும்."

டீச்சர் பூவைப் பார்த்து ஜோடியைச் சொல்லச் சொல்ல, வெள்ளைச்சாமியின் விரல்கள் ஓடின. கடைசி முடிச்சு விழும்போது பஸ் ஹாரன் கேட்டது.

பேராசிரியர் தன்னிடமிருந்த நகலை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பூவாகச் சரிபார்த்தார். எல்லாம் சரிதான், ஒரு பக்கம் மட்டும் ஏன் வாடாமல் இருக்கிறது என்று அவர் கேட்டார். டீச்சர் ஆட்டுக் கதையை மறைக்கவில்லை.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "உயிரணுவும் இதத்தாம்மா பண்ணுது. ஒரு சரத்தப் பாத்து இன்னொண்ணு கட்டிக்கிருது."

தலைமையாசிரியை அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். காலி அறையின் சாவியை டீச்சர் கையில் வைத்தார்.

காலையில் வாங்கி வைத்த டீ ஆறிக் கிடந்தது. டீச்சர் அதை ஒரே மடக்கில் குடித்தார்.

வெள்ளைச்சாமி கூடையைச் சைக்கிளில் கட்டினார். "அடுத்த வருசமாச்சும் ஒழுங்கா வரிசைப்படுத்திக் கட்ட விடுவீங்களா?"

"மாட்டேண்ணே," என்றார் டீச்சர்.