இவரை எனக்குத் தெரியும்

என் வீட்டுக்காரர் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். "இருந்தவர்னு சொல்லாதேக்கா, இருக்கறவர்னு சொல்லு" என்பான் என் தம்பி. அவன்தான் எங்கள் வக்கீல். பெரிய இடத்துக்கு ஆகாத ஒருவனுக்கு இவர் ஜாமீன் கொடுத்துவிட்டார். நேர்மையில் சந்தேகம் என்று ஒரு வரி எழுதி, உயர் நீதிமன்ற நிர்வாகம் இவரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பணிநீக்கம் செல்லாது, திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு இவர் கறுப்புக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். அது காய்வதற்குள் நிர்வாகம் மேல்முறையீடு செய்து தடை வாங்கிவிட்டது.

மேல்முறையீட்டை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்க வேண்டும். அங்கேதான் எங்கள் தலையெழுத்து சிரித்தது. முதல் அமர்வில் ஒருவர், இவரை நீக்கிய குழுவில் தானும் இருந்ததால் இதைக் கேட்பது முறையல்ல என்று விலகிக்கொண்டார். சரி, நியாயம்தான். அடுத்த அமர்வில் ஒருவர் இவரோடு சட்டக் கல்லூரியில் படித்தவர். விலகினார். அதற்கடுத்தவர் எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டவர். அவரும் விலகினார். கெட்டவர்கள் கெடுத்தால் வாய் நிறையத் திட்டித் தீர்க்கலாம். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து கெடுத்தால் யாரைத் திட்டுவது?

இவரோ ஒவ்வொரு முறையும், "அவர் செஞ்சது சரிதான்" என்பார். வீட்டிலும் இதே கூத்துதான். எனக்கும் பெண்ணுக்கும் சண்டை வந்தால், "ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க, நான் விசாரிக்க முடியாது" என்று செய்தித்தாளோடு மாடிக்குப் போய்விடுவார். அப்போதெல்லாம் சிரித்திருக்கிறோம்.

அடுத்த மாதம் இவருக்கு ஓய்வு வயது. அதற்குப் பிறகு ஜெயித்தால் ஒரு காகிதம் வரும், நாற்காலி வராது. ஒரே ஒரு நாளாவது அதில் உட்கார்ந்து, முறையாக விடைபெற்று வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் இவர் ஆசை. அதற்கு மேல் இந்த மனுஷன் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

"இந்தத் தடவை பயமில்லக்கா," என்றான் தம்பி, நீதிமன்றத் தாழ்வாரத்தில். "ரெண்டு பேருமே வெளியூர்லேருந்து மாத்தலாகி வந்தவங்க. அத்தானை அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"உங்க அத்தானைத் தெரியாதுங்கறதுல உனக்கு இவ்வளவு சந்தோஷமாடா?"

"வேற என்னக்கா பண்ணச் சொல்றே?"

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டு நீதிபதிகளில் இளையவர் வழக்குக் கட்டைப் புரட்டினார். நிமிர்ந்து கடைசி வரிசையில் இருந்த எங்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இவரை எனக்குத் தெரியும்," என்றார் அவர். "வக்கீலான புதுசுல நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். முதல் கேஸே இவர் கோர்ட்லதான். பேச்சு வராம நின்னேன். தண்ணி குடிச்சிட்டு நிதானமா ஆரம்பிங்கன்னார். அன்னைக்கு அவர் அப்படிச் சொல்லலைன்னா இன்னைக்கு நான் இங்க இல்ல. இந்த வழக்கை நான் கேக்கறது முறையாகாது."

நான் எழுந்துவிட்டேன். தம்பி திரும்பிப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். கேட்கிற நிலையில் நான் இல்லை.

"தெரிஞ்சவங்க கேக்கக் கூடாதுங்கறீங்க. தெரியாதவங்க யாருமே இல்ல. அப்போ யார்தாங்கய்யா கேப்பீங்க? அடுத்த மாசத்தோட இவருக்கு வயசு முடியுது!"

அவர் கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "புரியுதும்மா," என்று தலையைக் குனிந்துகொண்டார். "கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை வருது. அது முடிஞ்சதும் வேற அமர்வு கேக்கும்." விடுமுறை முடியும்போது அடுத்த மாதமும் முடிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும்.

என்னை அழைத்துக்கொண்டு போக இவர் எழுந்தார். இவர் எழுந்ததைப் பார்த்ததும், அந்த இளைய நீதிபதி பழைய பழக்கத்தில் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சபை கலைகிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெரியவரும் எழுந்தார். நீதிபதிகள் எழுந்த பிறகு யார் உட்கார்ந்திருப்பது? வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வழக்குக்கு வந்தவர்கள் என்று அத்தனை பேரும் தடதடவென்று எழுந்து நின்றார்கள்.

இவர் அசையாமல் நின்றார். பிறகு மேடையைப் பார்த்து, பெஞ்சிலிருந்து இறங்கும் நீதிபதி செய்வதுபோல, லேசாகத் தலை வணங்கிவிட்டு வெளியே நடந்தார்.

படியில் இறங்கும்போது, "பாத்தியா, எல்லாரும் எழுந்தாங்க," என்றார். முகத்தில் அப்படியொரு நிறைவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார்கள், உட்காரச் சொன்னார்களா என்று கேட்க வாய் திறந்தேன். இவரோ நின்று, அந்தக் கட்டடத்தை ஒருமுறை முழுக்கத் திரும்பிப் பார்த்தார். இனி இவ்வளவுதான் கிடைக்கும் என்பது எனக்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.

"பாத்தேங்க," என்றேன்.