கம்பியூட்டருக்குக் கழித்த கழிப்பு

ஒட்டுசுட்டானில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்புத்துரைக்கு வைரஸ் என்றால் என்னவென்று தெரியாது. சூனியம் என்றால் நன்றாகத் தெரியும். டிஜிற்றல் கமராவும் கம்பியூட்டரும் வாங்கிச் சில மாதந்தான், திரை கண்டபடி நீலமாகியது, பெட்டி தன்பாட்டில் நின்று நின்று எழும்பியது. செய்வினைதான், வேறென்ன? முன்னுக்கு வாறவனைக் கண்டால் ஊருக்குப் பொறுக்குமா?

மந்திரிக்கிற வீரபாகு வந்து, பெட்டிக்கு முன்னால் நீற்றுப்பூசணி வெட்டிக் கழிப்புக் கழித்தார். "உள்ள கிடக்கிறதெல்லாம் கழியவேணும். பிறகு திரும்பிப் பார்க்கப்படாது" என்றார். கழிப்பென்றால் அப்படித்தானே, கழித்ததைச் சந்தியில் போட்டுவிட்டு நேரே நடந்து வரவேண்டும்.

உள்ளே கிடக்கிறதையும் கழிக்கவென்று அப்புத்துரை பெட்டியை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனார். கம்பியூட்டர் திருத்துகிற றிஃபாத் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது வைரஸ், அண்ணை. படங்களை வேற இடத்தில எடுத்து வைச்சிட்டுத் திருத்தித் தாறன்."

"படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் துடைச்செறி."

"துடைச்சா ஒருத்தராலயும் திருப்பி எடுக்கேலாது. எல்லா இடத்திலயும் சைபர்தான் எழுதுவன். உள்ளுக்கு வெறும் சூனியமாப் போயிடும்."

"சூனியத்தை எடுக்க வந்தவனுக்குச் சூனியத்தையே வைச்சுத் தாறாய் என்ன" என்று அப்புத்துரை பகிடி விட்டார். கடவுளே, என்ன நேரத்தில் விட்ட பகிடி.

அடுத்த கிழமை கடல் எழும்பி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனது.

மார்கழி போய்த் தை பிறந்த பிறகு, கரையில் வீடிழந்தவர்களை வைத்திருந்த முகாமிலிருந்து விமலேஸ்வரி வந்தாள். அவளுடைய மகள் பிரேமிளா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்குக்கு அப்புத்துரைதான் படம் எடுத்தவர். அல்பம் வீட்டோடு போய்விட்டது. பிள்ளையும் போய்விட்டாள்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு படம் வைக்கவேணும், அண்ணை. பிள்ளையின்ர முகம் மறந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு. உங்கட பெட்டிக்குள்ள இருக்குந்தானே?"

பழைய கமராவென்றால் நெகற்றிவ்வாவது கிடந்திருக்கும்.

"இல்லைப் பிள்ளை. பெட்டிக்குச் சூனியமெண்டு நினைச்சு எல்லாப் படத்தையும் அழிப்பிச்சுப் போட்டன். இப்ப உள்ளுக்கு வெறும் சூனியந்தான்."

"சூனியமெண்டால் எடுக்கலாந்தானே. வீரபாகு அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"அது வேற, பிள்ளை. அதிலயெண்டால் எடுக்கிறதுக்குப் புதைச்ச தகடாவது தலைமயிராவது கிடக்கும். இதில ஒண்டுமில்லை."

அவள் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இந்தச் சூனியத்தை ஆர் செய்தது?"

"நான்தான்" என்றார் அப்புத்துரை.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர் வாங்கிக்கொண்டிருப்பார், அது அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். படமெடுக்க ஆட்களை இருத்துகிற கதிரையில் போய் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப நீங்களே எடுங்கோ, அண்ணை. சூனியத்தைச் செய்தவருக்குத்தான் எடுக்க ஏலும் எண்டு சொல்லுறவை. எடுக்குமட்டும் நான் இப்பிடியே இருக்கிறன்."