வலது கண்: மறுபரிசோதனை

இறந்துபோனவர்களின் கண்களுக்கு வியாழக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். தானம் பெற்றவர்களின் முகத்தில் அவை வந்து சேரும். அரசுத் திட்டக் கண் பரிசோதனை மையத்தில் உலகம்மாள்தான் அவற்றைப் பார்ப்பாள். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை.

கூடப் பிறந்த கண்ணுக்கு ‘முதல் பரிசோதனை’ என்று ஒரு படிவம். வந்து சேர்ந்த கண்ணுக்கு ‘மறுபரிசோதனை’ என்று இன்னொன்று. அதை ஏற்கெனவே வேறொருவர் பேரில் பார்த்திருப்பார்களே. இரண்டுக்கும் கட்டணம் வேறு. அதை அரசாங்கம் மையத்துக்குக் கொடுத்துவிடும். வருகிறவர்கள் கண்ணைக் கொண்டுவந்தால் போதும்.

அந்த வியாழக்கிழமை சவரிமுத்து வந்தான். தையல்காரன். முப்பது வயதிருக்கும்.

“என்ன செய்யுது?”

“ஊசியில நூல் கோக்க முடியலக்கா. வலது கண்ணு வேற எங்கயோ பாக்குது.”

உலகம்மாள் வலது கண்ணின் பழைய அட்டையைத் தேடி எடுத்தாள். ‘கோமதிநாயகம், வயது 49, பஸ் கண்டக்டர்’ என்றிருந்தது. அவள் எழுதியதுதான். அவளுடைய புருஷன்தான். தவறிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். இடது கண்ணை மூடச் சொன்னாள்.

“சார்ட்டை வாசிங்க.”

“தாழையூத்து,” என்றான் சவரிமுத்து. “கங்கைகொண்டான். கயத்தாறு. இடைச்செவல்.”

சார்ட்டில் ப, ட, ம என்று எழுத்துகள்தான் இருந்தன. அவன் சொன்னதெல்லாம் கோமதிநாயகத்தின் பஸ் நிற்கும் ஊர்கள்.

“அடுத்த வரி?”

“நாலாட்டின்புத்தூர். அதுக்குக் கீழ ஒண்ணு பொடிசா இருக்கு. தெரியல.”

லென்ஸை மாற்றினாள். ஒவ்வொரு லென்ஸுக்கும் அறை நாலு முழம் நீண்டது. சார்ட் கேரம் காய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஏழாவது லென்ஸில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஒரு பொம்பள. துணி காயப் போடுறாங்க. கிளிப்ப வாயில கவ்வியிருக்காங்க.”

“முகம் தெரியுதா?”

“அந்தப் பக்கம் பாத்து நிக்காங்க. திரும்பவே மாட்டேங்காங்க.”

கிளிப்பை வாயில் கவ்வுவது உலகம்மாளின் பழக்கம். அவர் தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரியாது. வீட்டில் இருந்தால் அவர் பேப்பர்தான் பார்ப்பார்.

“எப்பவும் இதுதான்க்கா. அளவெடுக்கக் குனிஞ்சா இந்தம்மா. சாப்பிட உக்காந்தா இந்தம்மா. என் மகளுக்கு மூணு வயசு. அவ மூஞ்சி எனக்குப் பாதிதான் தெரியுது.”

மறுபரிசோதனைக்குக் கண்ணாடி எழுத அலுவலரின் முத்திரை வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடைவழி அன்றைக்கு நீளமாக இருந்தது. வரிசையின் தொடக்கத்தில் கறுப்பு முடியோடு நின்றவர்கள், கடைசியில் நரைத்திருந்தார்கள். கவுண்ட்டர் ஓட்டையில் அலுவலரின் வாய் மட்டும் தெரிந்தது.

“மறுபரிசோதனைன்னா கண்ணோட சொந்தக்காரர் நேர்ல வரணும்.”

“அவர் தவறிட்டார் சார்.”

“லீவு எழுதிக் கொடுத்தாரா?”

“இல்ல சார்.”

“அப்ப கண்ணாடி கிடையாது. முதல் பரிசோதனைன்னு மாத்திப் போடுங்க. கண்ணாடியும் உண்டு, மையத்துக்கு முழுக் கட்டணமும் உண்டு.”

“மாத்தினா என்ன ஆகும்?”

“முதல் பரிசோதனைக்கு முந்தி ஒரு கண்ணு எதையும் பாத்திருக்கக் கூடாது. பாத்ததெல்லாம் ரத்து.”

“எல்லாமா சார்?”

“எல்லாம்தான். வேண்டாம்னா மறுபரிசோதனைன்னே விடுங்க. அவர் பாத்தது அப்படியே இருக்கும், இவருக்குப் பார்வை தெளியாது. இன்னைக்கே முடிவு பண்ணணும்.”

திரும்பி வரும்போது நாலே எட்டில் அறை வந்துவிட்டது. சவரிமுத்து விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இன்னொரு தடவை பாருங்க,” என்றாள். “என்ன துணி காயப் போடுறாங்க?”

“காக்கிச் சட்டை. உதறி உதறிச் சுருக்கம் எடுக்குறாங்க. கழுத்துல ஈரம் பட்டிருக்கு.” கொஞ்சம் தயங்கினான். “பாக்குற ஆளுக்கு டூட்டிக்கு நேரமாச்சு போலக்கா. ஆனாலும் போகாம நிக்காரு.”

உலகம்மாள் பேனா மூடியைத் திறந்தாள்.

“உங்க மக பேரென்ன?”

“ஜெபமலர்.”

‘மறு’ என்பதை அடித்துவிட்டு ‘முதல்’ என்று எழுதினாள். பேனா எங்கும் திக்கவில்லை.

“இப்ப வாசிங்க.”

“ப, ட, ம,” என்றான் சவரிமுத்து. கடைசி வரி வரைக்கும் ஓர் எழுத்து விடவில்லை. சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து ஒரே தடவையில் நூலைக் கோத்தான். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். இரண்டு கண்ணும் ஒன்றுபோல, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தன.

“வாரேன் மேடம்,” என்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கல்யாணப் போட்டோ முன்னால் போய் நின்றாள். அந்தப் படத்தில் மாப்பிள்ளை கேமராவைப் பார்க்காமல் பெண்ணையே பார்ப்பார். போட்டோக்காரர் மூன்று தடவை அதட்டியும் கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அவர் தாடையை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் மட்டும், யாரோ தன்னையே பார்ப்பதுபோல, வெட்கத்தில் தலை குனிந்திருந்தாள்.