வரி இழப்பு: இல்லை

அத்தான் சிபாரிசில் சேர்ந்த வேலை என்பதை அலுவலகத்தில் ஒருவரும் மறக்கவில்லை. அத்தான் மறக்கவிட்டால்தானே. "என் மச்சினி. பாவம்னு கூட்டிட்டு வந்தேன்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு வெறி. வேலை நிரந்தரமாவதுகூட அப்புறம்தான்.

டிக்கெட் பதிவு செய்யும் ஜாவா நிரல், யார் என்ன செய்தார்கள் என்று லாக்கில் வரிவரியாக எழுதியே மூச்சு வாங்கியது. எப்படி எழுதினால் வேகம் என்று பார்க்கும் பொறுப்பை மேலாளர் அவளிடம் விட்டார். பத்து லட்சம் வரி ஓட்டிப் பார்த்தாள். சொற்களைக் கூட்டல் குறியால் ஒட்டி நேராக வட்டில் எழுதினால் நாற்பத்தொரு விநாடி. ஒட்டாமல், சொற்களுக்கு வரியில் இடம் விட்டுவைத்து அப்புறம் நிரப்பினால் இருபத்தொன்பது. வரிகளை நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைத்து, பின்னால் நிதானமாக எழுதவிட்டால் ஆறே விநாடி.

அறிக்கையில் நிரப்ப வேண்டிய கடைசிக் கட்டம், வரி இழப்பு: வட்டில் ஏறுமுன் தொலையும் வரி உண்டா? அத்தான் எட்டிப் பார்த்தார்.

"நிரல் நடுவுல செத்துட்டா வரிசையில நிக்கிற வரியெல்லாம் என்ன ஆகும்? பார்த்தியா?"

பார்க்கவில்லை. அவரிடம் அதைச் சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். "பார்த்தாச்சு" என்று சொல்லி, "இல்லை" என்று தட்டினாள். ஆறு விநாடி முறைதான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது வாரம், புதன்கிழமை பதினொரு மணிக்கு, சோதனைக் கணினிக்கென்று வைத்திருந்த, பழையதைத் துடைத்தழிக்கும் சுத்திகரிப்பு நிரலை அத்தான் நிஜக் கணினியில் ஓட்டினார். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் கண்ணால் பார்த்தாள். மூன்று நாள் டிக்கெட் பதிவுகள் அழிந்தன, நினைவகம் நிரம்பி எல்லாம் விழுந்தது. அவர் பெயர் தாங்கிய வரிகளும் வரிசையில் நின்றபடியே செத்தன. லாக்கில் மிஞ்சிய கடைசிப் பெயர் அவளுடையது.

"நான் இல்ல சார்" என்றாள் மேலாளரிடம். "என் பேருக்கு அப்புறம் வந்த வரியெல்லாம் எழுதறதுக்குள்ள போயிடுச்சு."

மேலாளர் அவள் அறிக்கையை அவள் பக்கமே திருப்பி வைத்தார். "இழப்பு இல்லைன்னு நீதானம்மா எழுதியிருக்க? இப்ப எது பொய்?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அவரும் அவளைக் கனிவாகத்தான் பார்த்தார்.

"நானே கேட்டேன் சார், பார்த்தாச்சுன்னு சொன்னா. அவ கெட்டிக்காரி. பொய் சொல்ற பொண்ணே இல்ல."

நாலு பேர் முன்னால் அத்தான் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.