பல் டாக்டர் தேய்த்த சுவர்

பல் டாக்டர் ஷோம்போர் நிலவறையிலிருந்து வெளியே வந்தபோது கை முழங்கை வரை கறுப்பு. முகத்தில் மட்டும் முதல் பரிசு வாங்கிய சிரிப்பு. “அத்தை, உள்ள வந்து பாருங்க! காலையிலேருந்து தேய்ச்சேன். வாசப்பக்கச் சுவர்ல ஒரு பொட்டு அழுக்கு கிடையாது” என்றார் மாமியார் எதெல்காவிடம்.

நாங்கள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தோம். எதெல்கா குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் எங்கள் டோக்காய் மது வட்டாரத்திலேயே செங்குத்தானது. அங்கே தொப்பி விழுந்தால் குனிய வேண்டாம். அது ஊர் மதுக்கடை வரை உருண்டுவிடும், சாயங்காலம் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அறுவடைக்குப் போய்ப் போய் என் இடது கால் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ஆற்று மூடுபனியில் பூஞ்சை பிடித்து, என் முகம்போலச் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும்; அந்தப் பூஞ்சைதான் மதுவுக்குத் தேன் இனிப்பைத் தருவது. துருக்கியர் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அப்படித்தான் கிள்ளுகிறது. அந்த மதுவில் ஒரு கரண்டி குடித்த எங்கள் பாதிரியார் ஒரு வாரம் யாருக்கும் பாவமன்னிப்பே தரவில்லை. ஊரில் பாவம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லையாம்.

நிலவறைச் சாவியை எதெல்கா தூங்கும்போதுகூட இடுப்பிலிருந்து கழற்றியதில்லை. இந்த அறுவடை முடிந்ததும் அதை மகள் போரோகாவுக்கும் மருமகனுக்கும் தருவதாகச் சொல்லியிருந்தார். இருவரும் தெப்ரெத்சென் நகரத்தை விட்டுவரத் தயார். அன்று காலை பழத் தொட்டிகளை இறக்குவதற்காகக் கதவைத் திறந்துவைத்துவிட்டு எதெல்கா மலையேற, மாப்பிள்ளைக்குத் தன் உழைப்பைக் காட்டும் வெறி வந்துவிட்டது.

உள்ளே போனோம். மலையைக் குடைந்த அந்த அறையின் சுவரெல்லாம் கரடித்தோல்போலக் கறுப்புப் பூஞ்சை. பீப்பாய் மதுவின் ஆவியைத் தின்றே வளர்ந்தது, அறையின் ஈரத்தை அளவாகக் காப்பதும் அதுதான். கிறிஸ்துமஸுக்கு அதற்கும் ஒரு கோப்பை ஊற்றும் குடும்பம் அது. வாசலருகே மட்டும் சுவர் பல்போல வெளுத்திருந்தது.

“அட பாவி மனுஷா!” என்று தலையில் கைவைத்தாள் போரோகா. “அது அழுக்கில்ல. எங்க தாத்தாவோட தாத்தாவுக்கும் மூத்தது!”

“மலை மேல இருக்கற பூஞ்சை நல்லதுன்னுதானே சொன்னீங்க? உள்ள இருக்கறதும் நல்லதுன்னு யாரு சொன்னா?” டாக்டர் கறுத்த கைகளை விரித்தார்.

“விடுங்க டாக்டர், பீப்பாயைப் பிடுங்காம விட்டீங்களே” என்றேன்.

“ஸ்டேஷன் மாஸ்டரே, வாயை மூடும்” என்றார் எதெல்கா. அவர் கை சாவியை இறுகப் பற்றியிருந்தது. மகள் அந்தக் கையையே பார்த்தாள். பீப்பாய்களும் மூச்சை அடக்கிக்கொண்டன. நான் சத்தியம் செய்வேன்.

பிறகு எதெல்கா கடைசிப் பீப்பாய் வரை நடந்து போனார். திரும்பியபோது, பிறந்த பூனைக்குட்டியை ஏந்துவதுபோல, கையில் ஒரு துண்டுப் பூஞ்சை. வெளுத்த சுவரில் கொஞ்சம் மதுவைத் தெளித்து அதை அப்பினார்.

“மாப்பிள்ளை, இங்க வாங்க. கையை வச்சு அழுத்திக்கங்க. மெதுவா! இது கடைவாய்ப் பல் இல்ல.”

“எவ்வளவு நேரம், அத்தை?”

“அதுக்கு உங்க மேல நம்பிக்கை வர்ற வரைக்கும்.”

போரோகா மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்தாள். சூப் ஆறுகிறது என்று எதெல்கா என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். முற்றத்தின் பாதியில் திரும்பிப் பார்த்தேன். நிலவறைக் கதவு திறந்தே இருந்தது. அதன் பூட்டில் சாவி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.